ஒரு எழுத்து கூடினா என்ன ஆகும்? 'சிஃபி' வழக்கின் கதை

போன மாசம் ஒரு நேயர் மெயில் பண்ணியிருந்தார்: "அண்ணா, உங்க சைட்ல என்ன லோன் விளம்பரமா வருது?" போய்ப் பார்த்தா, அது எங்க சைட்டே இல்ல. எங்க பேர்ல ஒரு எழுத்தைக் கூட்டி யாரோ டொமைன் வாங்கி வச்சிருக்காங்க. அந்தக் கடுப்புல படிக்க ஆரம்பிச்சதுதான் இன்னைக்குக் கதை.

2000-களின் தொடக்கத்தில் பிரவுசிங் சென்டருக்குப் போனவங்களுக்கு 'சிஃபி ஐவே' போர்டு ஞாபகம் இருக்கும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே நடத்தியது. தன் பெயரைச் சுருக்கி அவர்களே உருவாக்கிய வார்த்தைதான் 'சிஃபி'. எந்த அகராதியிலும் கிடையாது. 1999-ல் அந்தப் பெயரில் டொமைன்களைப் பதிவு செய்தார்கள்.

2001-ல் இன்னொரு நிறுவனம் வந்தது. ஆங்கிலத்தில் ஒரே ஒரு 'எஃப்' கூடுதல், பின்னால் 'நெட்'. வாயால் சொல்லிப் பாருங்க, வித்தியாசமே தெரியாது!

கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதில்: "எங்க அஞ்சு பங்குதாரர்களோட முதல் எழுத்துங்க அது."

வழக்கு பெங்களூரு சிவில் நீதிமன்றத்துக்குப் போச்சு. இடைக்காலத் தடை கிடைத்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ரெண்டு பேர் தொழிலும் வேற, குழப்பம் வராது என்பது ஒரு காரணம். கடைத்தெருவுக்கு அது நியாயமான வாதம்தான். ஒரே பேர்ல ஒரு டெய்லர் கடையும் ஒரு டீக்கடையும் இருந்தா யார் குழம்பப் போறாங்க?

சிக்கல் என்னன்னா, நம்ம டிரேட்மார்க் சட்டத்தில் டொமைன் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால் கையில் இருந்தது 'பாஸிங் ஆஃப்' என்ற பழைய கோட்பாடு: என் சரக்கை உன் சரக்குன்னு நம்ப வச்சு விற்கக் கூடாது. 1999-லேயே 'யாஹூ இந்தியா' என்று ஒருவர் சைட் திறந்தபோது, டெல்லி உயர் நீதிமன்றம் இதை வைத்துத்தான் தடை போட்டது.

2004 மே 6-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி ரூமா பால். டொமைன் என்பது வெறும் முகவரி இல்லை, வியாபார அடையாளமும்கூட என்றார். முதல் எழுத்துக் கதையை நீதிமன்றம் ஏற்கவில்லை; தடை திரும்ப வந்தது. டெக் ஆளா எனக்குப் பிடிச்ச பாயிண்ட்: டிரேட்மார்க்குக்கு நாட்டு எல்லை உண்டு, டொமைனுக்குக் கிடையாது. உலகம் முழுக்க ஒரு பெயர் ஒருத்தருக்குத்தான். பதிவு செய்து தருபவரும் 'இது யார் பேரு'ன்னு விசாரிக்க மாட்டார், முதலில் வந்தவருக்குக் கொடுத்துடுவார்.

ஆனா பாஸிங் ஆஃபில் ஜெயிக்க மூணு விஷயம் காட்டணும்: நம்ம பேருக்கு மக்களிடம் மதிப்பு இருக்கு, எதிராளியால் மக்கள் ஏமாறக்கூடும், அதனால் நமக்கு நஷ்டம். சிஃபி பெரிய கம்பெனி, காட்டிடுச்சு. எங்களை மாதிரி ரெண்டு மைக், ஒரு லேப்டாப் ஆளுங்க முதல் விஷயத்தையே எப்படிக் காட்டுறது? தெரிஞ்ச வக்கீல் அக்காகிட்ட கேட்டேன். "உன்னோடதுன்னு நினைச்சு அங்க போய் நின்ன ஆள் யாராவது இருக்காங்களா?"ன்னு கேட்டாங்க.

அந்த நேயரோட மெயிலுக்கு ஸ்டார் போட்டு வச்சிருக்கேன்.