தண்ணீர் கேட்ட பாட்டரியும் தண்ணீர் கேட்காத பாட்டரியும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையோரத்தில் ஒரு காலை வேளையில் நின்று பாருங்கள். புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு நீண்ட டிரெய்லர்கள் ஊர்ந்து செல்லும். அவற்றின் இடையே புகுந்து புறப்பட்டு ஓடுபவை சிறு சுமை வண்டிகள். இருக்கைகள், கண்ணாடிகள், இரப்பர்க் குழாய்கள், வார்ப்பு உறுப்புகள் ஆகியவற்றைச் சிறு பட்டறைகளிலிருந்து பெரிய ஆலைகளுக்குக் கொண்டு சேர்ப்பவை இவையே. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் செய்யத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலையும், 2012இல் பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டெய்ம்லர் ஆலையும் திறக்கப்பட்டன. இத்தகைய ஆலைகள் உறுப்புகளை மாதக்கணக்கில் குவித்து வைப்பதில்லை. வேண்டிய வேளைக்கு வேண்டிய அளவு வரவழைத்துக்கொள்கின்றன. விடியற்காலையில் ஒரு வண்டி கிளம்ப மறுத்தால் அன்றைய நடை வேறொருவருக்குப் போய்விடும். வண்டிக்குத் தவணை கட்டும் ஓட்டுநருக்கு அது சிறிய இழப்பன்று.

கிளம்ப மறுக்கும் வண்டியில் முதலில் சந்தேகிக்கப்படுவது பாட்டரி. நம் பாடநூல்கள் இதனை ஈயச் சேமக்கலம் என்று குறிப்பிடுகின்றன. கருவிகள் ஆண்டுக்கொரு முறை மாறும் இக்காலத்தில், ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக ஏறக்குறைய அதே வேதியியலோடு உழைக்கும் பொருள் இது. ஆனால் அதன் உள்ளே சத்தமில்லாமல் ஒரு மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. அந்த மாற்றத்தை அறிந்தவர் புதுப் பாட்டரி வாங்கும்போது ஏமாறுவது கடினம்.

பிளான்டேயின் ஈயச் சுருள்

1859ஆம் ஆண்டு. பிரெஞ்சு நாட்டு இயற்பியலார் காஸ்டன் பிளான்டே இரண்டு ஈயத் தகடுகளை எடுத்தார். அவை ஒன்றையொன்று தொடாதபடி இடையில் ஒரு தடுப்பை வைத்துப் பாயைப் போலச் சுருட்டினார். அச்சுருளை நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தி அதனுள் மின்னோட்டத்தைச் செலுத்தினார். பிறகு மின்னோட்டத்தை நிறுத்தினார். என்ன வியப்பு! செலுத்திய மின்சாரத்தின் ஒரு பகுதி சுருளிலிருந்து திரும்பி வந்தது.

இதன் உட்பொருள் எளியது. நேர்த்தகட்டில் ஈய டை ஆக்சைடு. எதிர்த்தகட்டில் வெறும் ஈயம். மின்சாரம் எடுக்கும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்ஃபேட்டு படிகிறது. அமிலத்திலுள்ள சல்ஃபேட்டு தகட்டில் குடியேறிவிடுவதால் அமிலம் நீர்த்துப் போகிறது. மின்னேற்றினால் எல்லாம் தலைகீழாக நடந்து, அமிலம் மீண்டும் அடர்த்தி பெறுகிறது. ஓர் அறைக்கு ஏறத்தாழ 2 வோல்ட். ஆறு அறைகளைத் தொடராக இணைத்தால் நம் வண்டியின் 12 வோல்ட் பாட்டரி.

பிளான்டேயின் கலத்தைத் தொழிலுக்கு ஏற்றதாக்கியவர் காமில் ஃபோர். 1881இல் அவர் ஈய ஆக்சைடைப் பசையாகக் குழைத்துத் தகட்டில் பூசினார். பசை நிற்பதற்குச் சல்லடை போன்ற ஈயச் சட்டம் தேவைப்பட்டது. தூய ஈயமோ மிக மென்மையானது; கையாலேயே வளைக்கலாம். எனவே அதே 1881இல் ஈயத்தோடு ஆன்டிமனி என்னும் உலோகத்தைக் கலந்து சட்டத்தைக் கெட்டிப்படுத்தும் முறை வந்தது. இந்த ஆன்டிமனியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையின் வில்லன் அதுவே.

காருக்கும் பாட்டரிக்கும் உறுதியான உறவு ஏற்பட்டது 1912இல். அதுவரை எஞ்சினைக் கிளப்ப முன்புறம் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். எஞ்சின் பின்னுதைத்தால் மணிக்கட்டு முறியும். அமெரிக்கப் பொறியியலார் சார்லஸ் கெட்டரிங் பணப்பதிவு எந்திரங்களுக்கு மின்மோட்டார் அமைத்த அனுபவம் உள்ளவர். சில விநாடிகளே வேலை செய்யும் மோட்டார் தன் அளவை மீறிய சுமையையும் தாங்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். அவருடைய மின் கிளப்பி 1912இல் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. அன்று பாட்டரிக்கு விதிக்கப்பட்ட வேலைதான் இன்றும்: சில விநாடிகளுக்குப் பெரும் மின்னோட்டம் தருவது, பிறகு எஞ்சின் ஓடும்போது நிரப்பிக்கொள்வது.

நம் நாட்டில்

1947 சனவரியில் கல்கத்தாவில் அசோசியேட்டட் பாட்டரி மேக்கர்ஸ் என்ற நிறுவனம் பதிவாயிற்று. பிற்காலத்தில் குளோரைடு இந்தியா என்றும், 1995இல் எக்சைடு இண்டஸ்ட்ரீஸ் என்றும் பெயர் மாறியது அதுவே. தென்னாட்டின் பங்கு ஆராய்ச்சியில் தொடங்கியது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தந்து காரைக்குடிக்குக் கொண்டுவந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 சனவரி 14 அன்று, பொங்கல் நாளில், அந்நாள் குடியரசுத் துணைத்தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணனால் தொடங்கிவைக்கப்பட்டது. ஈயச் சேமக்கலம் அங்கு நெடுநாள் ஆய்வுப் பொருளாக இருந்துவருகிறது. பாட்டரியை நிரப்பும் மின்னாக்கிகளையும், எஞ்சினைக் கிளப்பும் மோட்டார்களையும் செய்ய லூகாஸ்-டிவிஎஸ் 1961இல் சென்னைப் பாடியில் அமைந்தது. கிண்டியில் ஸ்டாண்டர்ட் பாட்டரீஸ் ஆலை இருந்தது. 1998இல் அது எக்சைடின் கைக்கு மாறியது. அதற்கு ஓராண்டு முன்னரே, ஸ்ரீபெரும்புதூர் வழியாகச் செல்லும் அதே பெங்களூர்ச் சாலையின் மறுகோடியான ஓசூரிலும் எக்சைடு ஆலை வந்துவிட்டது.

அக்காலப் பாட்டரியைப் பெரியவர்களிடம் கேளுங்கள். கருநிற எபோனைட்டு பெட்டி. மேலே தார் போன்ற பிசின் பூச்சு. ஆறு அறைக்கும் ஆறு மூடிகள். அறை ஒன்று பழுதானால் பட்டறைக்காரர் பிசினைச் சூடாக்கி இளக்கி, தகடுகளைத் தூக்கி எடுத்து, வேறு தகடு வைத்து மீண்டும் மூடுவார். மின்னேற்றவோ டைனமோ. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது அனேகமாக ஒன்றும் தராது. ஆல்ட்டர்னேட்டர் வந்த பிறகே நெரிசலில் நிற்கும் வண்டியிலும் பாட்டரி நிரம்பியது.

தண்ணீர் எங்கே போயிற்று?

வாரந்தோறும் மூடிகளைத் திறந்து வாலை வடிநீர் ஊற்றுவது அந்நாள் ஓட்டுநரின் கடமை. தண்ணீர் வெறுமனே ஆவியாகிறது என்றே பலர் நினைத்தார்கள். அது பாதி உண்மைகூட அன்று. மின்னேற்றம் முடியும் தறுவாயில் மின்சாரம் தண்ணீரையே ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று பிரிக்கத் தொடங்குகிறது. தூய ஈயத்தின் மேல் ஹைட்ரஜன் எளிதில் கிளம்பாது. ஆனால் நேர்த்தகட்டுச் சட்டத்திலிருந்து கரைந்துவரும் ஆன்டிமனி எதிர்த்தகட்டில் சென்று படிகிறது. படிந்த இடத்தில் ஹைட்ரஜன் எளிதாகக் கிளம்புகிறது. பாட்டரி முதுமையடைய முதுமையடையத் தண்ணீர்த் தாகம் கூடியதன் காரணம் இதுதான்.

ஆன்டிமனிக்குப் பதில் மிகச் சிறிதளவு கால்சியம் சேர்த்தாலும் ஈயம் கெட்டிப்படும் என்பதை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் 1930களிலேயே காட்டினர். அவர்களுக்கு வேண்டியிருந்தது தொலைபேசி நிலையங்களுக்கான பாட்டரி. 1970களில் அம்முறை கார்களுக்கு வந்தது. 'பராமரிப்பு வேண்டாதது' என்று இன்று கடையில் சொல்லப்படும் மூடிய பாட்டரி இதன் வழித்தோன்றலே.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தாகம் குறைந்ததே தவிர, அற்றுப்போகவில்லை. அளவுக்கு மிஞ்சி மின்னேற்றினாலும், எஞ்சின் அருகே வெந்துகொண்டிருந்தாலும் மூடிய பாட்டரியும் தண்ணீரை இழக்கும். பழைய வகையில் ஊற்றிவிடலாம். இதில் ஊற்ற வழியில்லை. அன்றியும், அடிக்கடி முற்றிலும் காலியாகும் பாட்டரிக்குக் கால்சியம் அவ்வளவு உகந்ததன்று. காலியாகி மீள்வதை ஆன்டிமனி கலந்த தகடு இதைவிட நன்கு பொறுத்துக்கொள்ளும்.

பனி நாட்டுக் கணக்கு நமக்கு எதற்கு?

பாட்டரியின் மேல் அச்சிட்ட எண்களில் ஒன்று, குளிரில் அது தரக்கூடிய கிளப்பு மின்னோட்டம். பூச்சியத்துக்குக் கீழே 18 டிகிரி செல்சியஸில் 30 விநாடி சோதித்துச் சொல்லும் எண் அது. ஒரகடத்தில் அப்படி ஒரு நாள் வரப்போவதில்லை! ஒரே அளவுள்ள இரு பாட்டரிகளில் இந்த எண் மட்டும் பெரிதாயிருக்கிறது என்பதற்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை. மெல்லிய தகடுகளை நெருக்கி அடுக்கியும் இந்த எண்ணை உயர்த்தலாம். மெல்லிய தகடோ வெப்பத்தில் விரைவில் அரிக்கப்படும்.

நம்மூரில் பகை வெப்பமே. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவாயிற்று. வெயிலில் நிற்கும் வண்டியின் எஞ்சின் அறையில் எவ்வளவு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது பள்ளியில் படித்ததுதான். பாட்டரிக்குள் நடக்கும் அரிப்பும் ஒரு வேதிவினையே. ஆகவேதான் குளிர்நாடுகளில் அமிலத்தின் ஒப்படர்த்தியை 1.28 வரை வைத்தவர்கள், வெப்ப நாடுகளுக்கு 1.24 போதும் என்றனர். அடர்த்தி குறைந்த அமிலம் தகட்டை மெதுவாக அரிக்கும்.

இதில் ஒரு சுவையான கணக்கும் உண்டு. ஒப்படர்த்தியோடு 0.84ஐக் கூட்டினால் ஓர் அறையின் வோல்ட் கிட்டும். 1.28 என்றால் ஆறு அறைக்கு 12.7 வோல்ட், 1.24 என்றால் 12.5. ஆகையால் நிரம்பிய பாட்டரி 12.5 காட்டினால், 'இது போய்விட்டது' என்று கடைக்காரர் சொல்வதை உடனே நம்பவேண்டாம். ஓய்ந்திருக்கும் பாட்டரி 12 வோல்ட்டை ஒட்டி இறங்கியிருந்தால்தான் கவலை. அப்போதும் பாட்டரி கெட்டது என்று பொருளன்று, காலியாகியிருக்கலாம்.

வாங்கும்போது

வண்டி உற்பத்தியாளர் குறித்த ஆம்பியர்-மணி அளவே முதல் அடிப்படை. 70 ஆம்பியர்-மணி என்றால் 3.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் தரும் என்று பொருள். டீசல் எஞ்சினின் அழுத்த விகிதம் பெட்ரோல் எஞ்சினைவிட மிகுதி. சுழற்ற அதிக வலு வேண்டும். எனவே விலைக்காகச் சிறிய பாட்டரி வைப்பது தவறு. பெரிதாக வைத்தால் கெடுதி இல்லையாயினும், தட்டில் சரியாக அமர்ந்து பிடிப்பான் இறுகுமா என்று பாருங்கள். ஆடும் பாட்டரியில் தகட்டுப் பசை உதிர்ந்துவிடும். நேர்முனை இடப்புறமா வலப்புறமா என்பதையும் பழையதோடு ஒப்பிடுங்கள். உற்பத்தி மாதத்தைக் கேட்டுப் பாருங்கள். பல மாதம் அலமாரியில் கிடந்தது தானாகவே மின்னிறங்கியிருக்கும்.

மூடியதா, மூடி திறப்பதா? வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்க்கும் பழக்கம் உள்ளவரானால், ஆன்டிமனி குறைவாகக் கலந்த, திறக்கக்கூடிய வகை இந்த வெப்பத்துக்கும் இந்த உழைப்புக்கும் ஏற்றது என்பது என் கருத்து. அப்பழக்கம் இல்லாதவர் மூடியதை வாங்குவதே மேல். வறண்டுபோன திறந்த வகை எதற்கும் உதவாது.

வைத்துக் காக்கும்போது

எஞ்சினைக் கிளப்ப 300 ஆம்பியர் வீதம் 3 விநாடி செலவாகிறது என்று கொள்வோம். கணக்கிட்டால் அது கால் ஆம்பியர்-மணிதான். ஆலை வாயிலில் முறைக்குக் காத்திருக்கையில், எஞ்சினை நிறுத்திவிட்டு, 55 வாட் முன்விளக்கு இரண்டையும் ஒரு மணி நேரம் எரியவிட்டால் 9 ஆம்பியர்-மணி போகிறது. அதாவது முப்பத்தாறு முறை கிளப்பிய செலவு! பிறகு நாலு கிலோமீட்டர் ஓட்டி மறுபடி நின்றால் பாட்டரி நிரம்புவது எப்படி? குறைமின்னேற்றத்திலேயே கிடக்கும் தகட்டில் சல்ஃபேட்டு கெட்டிப் படிகமாகிறது. அது மீண்டும் ஈயமாவதில்லை. ஆகவே குறுந்தொலைவு ஓடும் வண்டியின் பாட்டரியை இடையிடையே வெளியே எடுத்து முழுமையாக மின்னேற்றுங்கள்.

எஞ்சின் ஓடும்போது முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கவேண்டும். அதற்கு மேல் போனால் குற்றவாளி மின்னழுத்தச் சீராக்கி; அதைப் பாராமல் புதுப் பாட்டரி வாங்கினால் அதுவும் வேகும். திறக்கும் வகையில் வாலை வடிநீர் மட்டுமே ஊற்றுங்கள், தகடு மூழ்கி ஒரு விரற்கிடை மேலே நிற்கும் வரை. அமிலம் ஊற்றவே கூடாது. போனது தண்ணீர்தானே! முனைகளில் பூக்கும் வெண்பச்சைப் படிவைச் சமையல் சோடா கரைசலால் கழுவித் துடைத்து வாசலைன் தடவுங்கள். கழற்றும்போது எதிர்முனை முதலில். மாட்டும்போது எதிர்முனை கடைசியில். இன்னொரு வண்டியிலிருந்து மின்சாரம் வாங்கினால் கடைசி இணைப்பைப் பாட்டரி முனையில் கொடுக்காமல், விலகியுள்ள எஞ்சின் இரும்பில் கொடுங்கள். அங்கே எழும் பொறி ஹைட்ரஜனைத் தொடாது. காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் இருந்தாலே தீப்பற்றும். பீடி, சிகரெட்டைப் பற்றித் தனியே சொல்லவேண்டுமா?

இனிப் பழைய பாட்டரி. அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். உருக்கினால் மறுபடி பாட்டரியாகும். உங்கள் புதுப் பாட்டரியில் உள்ள ஈயமும் முன்பு எவருடைய வண்டியிலோ ஓடியதாக இருக்கலாம். ஆனால் கொல்லைப்புறத்தில் உடைத்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, திறந்த அடுப்பில் உருக்குபவர்களால் ஈயம் காற்றிலும் மண்ணிலும் கலக்கிறது. அங்கு விளையாடும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது. தீங்கற்ற அளவு என்று ஈயத்துக்கு எதுவும் இல்லை. இதற்காகவே பழையதைத் திரும்பப் பெறும் கடமையை 2001ஆம் ஆண்டு மைய அரசின் விதிகள் வகுத்தன. 2022இல் அவற்றின் இடத்தில் புதிய விதிகள் வந்தன. எனவே வீதியில் கூவி வரும் பழைய இரும்புக்காரரிடம் போடாமல், புதியது வாங்கும் கடையிலேயே கொடுங்கள். அமிலத்தைக் கொட்டாமல், நிமிர்த்தி வைத்தே கொண்டுசெல்லுங்கள். கடைக்காரர் அதற்கு ஒரு விலை போடுவார். அத்தொகை புதிய பாட்டரியின் பில்லில் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.