நிலத்துக்கு ஈடாகப் பணம்: தொப்பூரை முன்வைத்துத் திறந்தவெளி ஒதுக்கீடு குறித்த ஓர் ஆய்வு

பூங்காவுக்கான நிலத்தை அரசு விலைகொடுத்து வாங்குவது அரிது. மனை பிரிப்பவரிடமிருந்து நிலமாகவோ அதற்கு ஈடான பணமாகவோ பெறுவதே தமிழ்நாட்டில் நடைமுறை. பணமாகப் பெறும் வழி பெருநகரங்களுக்கு ஓரளவு பொருந்தலாம். தருமபுரி மாவட்டத்தின் தொப்பூர் போன்ற நெடுஞ்சாலை ஊராட்சிகளில் அது பொதுவெளியை நிரந்தரமாக இழக்கச் செய்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மனைப்பிரிவுகளைப் பரப்பளவின்படி மூன்றாகப் பிரிக்கின்றன. 3,000 சதுர மீட்டர் வரை ஒதுக்கீடு தேவையில்லை. அதற்கு மேல் 10,000 சதுர மீட்டர் வரை, சாலை நீங்கிய பரப்பில் பத்து விழுக்காட்டை ஒதுக்க வேண்டும். அல்லது வழிகாட்டி மதிப்பின்படி பணம் கட்டலாம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பணத்துக்கு இடமே இல்லை. நிலத்தைப் பதிவுசெய்த தானப்பத்திரம் வழியாக உள்ளாட்சியிடம் ஒப்படைத்தாக வேண்டும்.

தருமபுரி மாவட்டத்தில் நிலம் ஏக்கரிலும் சென்ட்டிலும்தான் கைமாறுகிறது. அந்தக் கணக்கில் முதல் எல்லை ஏறத்தாழ 74 சென்ட். இரண்டாம் எல்லை 2 ஏக்கர் 47 சென்ட். மானாவாரிக் காட்டை மனையாக்கும் சிறு விவசாயியும் அவரிடம் வாங்கும் தரகரும் பெரும்பாலும் இவ்விரு எல்லைகளுக்குள்ளேயே அடங்கிவிடுவார்கள். அடுத்தடுத்த புல எண்களைத் தனித்தனி விண்ணப்பங்களாகக் கொண்டுவந்தால் பெரிய பரப்பும் சிறியதாகிவிடும். பெருநகரத்துப் பெருநிறுவனத்தை மனத்தில் வைத்து வகுத்த அளவுகோல் இங்கே பிடி தளர்ந்துபோகிறது.

இரண்டு ஏக்கரை எடுத்துக்கொள்வோம். அது 8,094 சதுர மீட்டர். சாலைக்குக் கால் பங்கு போனால் எஞ்சுவது சுமார் 6,070. அதில் பத்து விழுக்காடு 607 சதுர மீட்டர், அதாவது 15 சென்ட். கைப்பந்து ஆடுகளம் 18 மீட்டருக்கு 9 மீட்டர்தான். ஆடுகளம் போக, நிழல்மரங்களுக்கும் முதியோர் உட்காரும் திண்ணைக்கும் அந்த 15 சென்ட்டில் தாராளமாக இடமிருக்கும். பணமாகக் கட்டினால் என்ன ஆகும்? சந்தை விலைக்கும் வழிகாட்டி மதிப்புக்கும் உள்ள இடைவெளி ஊரறிந்தது. மனை போட்ட பிறகு அதே இடத்தில் 15 சென்ட் வாங்க அந்தத் தொகை போதாது. போதுமானதாக இருந்தாலும், வீடுகள் எழும்பிய தெருவில் விற்பனைக்கு நிலம் எங்கே இருக்கும்?

தொப்பூரைச் சுற்றிலும் காடும் மலையும் இருக்கையில் பூங்கா எதற்கு என்பது இங்கே எழக்கூடிய முதல் மறுப்பு. காப்புக்காடு விளையாட்டுத்திடல் ஆகாது. சிறுவர்கள் மாலையில் பந்தை எடுத்துக்கொண்டு போகும் இடமும் அல்ல. ஊருக்கும் காட்டுக்கும் இடையே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. தொப்பூர் கணவாய்ச் சாலையின் விபத்துகளைத் தமிழ்நாடே அறியும். மேட்டூர் வழியாகப் பவானி செல்லும் சாலையும் இங்கேதான் பிரிகிறது. லாரிகள் விடாமல் ஓடும் இத்தகைய ஊரில், சாலையைக் கடக்காமலே சென்றடையக்கூடிய திறந்தவெளி குழந்தைகளின் உயிர்ப் பாதுகாப்பு சார்ந்த தேவை. தொப்பூர் அடங்கிய நல்லம்பள்ளி வட்டத்தில் சிப்காட் தொழிற்பூங்காவும் வரும் நிலையில், மனைப்பிரிவுகள் பெருகிய பிறகு இதைப் பேசிப் பயனில்லை.

இரண்டாவது மறுப்பு சட்டம் சார்ந்தது: இழப்பீடின்றி நிலம் கேட்பது சொத்துரிமைக்கு எதிரானதல்லவா? சென்னையைச் சேர்ந்த வசந்த் அடுக்குமாடி உரிமையாளர் சங்க வழக்கில் 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் திறந்தவெளி ஒதுக்கீட்டு விதி செல்லும் எனத் தீர்ப்பளித்தது. 1991இல் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கிலோ, பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று அதே நீதிமன்றம் கூறியிருந்தது. கேட்கும் உரிமையும் காக்கும் கடமையும் இவ்விரண்டு தீர்ப்புகளாலும் உறுதிப்பட்டுவிட்டன. தடை இருப்பது நடைமுறையில்தான்.

கலிஃபோர்னியாவின் குயிம்பி சட்டம் (1965) இங்கே ஒப்பிடத்தக்கது. ஆயிரம் பேருக்கு மூன்று ஏக்கர் என்று மக்கள்தொகையோடு நிலத்தை அது பிணைக்கிறது. 50 மனைகளுக்கு உட்பட்ட சிறு பிரிவுகளிடம் பணமே கேட்கலாம் என்று அதுவும் இளக்கம் காட்டுகிறது. ஆனால் அந்தப் பணம் பொதுவாக அதே குடியிருப்பினருக்குப் பயன்படும் பூங்காவுக்கே போக வேண்டும்; ஐந்தாண்டுக்குள் திட்டத்துக்கு ஒதுக்காவிட்டால் மனை உரிமையாளர்களுக்குத் திரும்பிவிடும். இந்த இரண்டு பிணைப்புகளையும் நம் விதிகளில் சேர்ப்பது கடினமல்ல. அதைவிட முக்கியம், ஊராட்சிப் பகுதிகளில் 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையிலான பிரிவுகளுக்கும் நிலத்தையே கட்டாயமாக்குவது. அடுத்தடுத்த மனைப்பிரிவுகளின் ஒதுக்கீட்டை ஒரே மூலையில் சேர்த்து வாங்கினால், விதி அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவான 100 சதுர மீட்டர் துண்டுகள் அங்கங்கே சிதறிக் கிடக்காது. அவ்வளவு சிறிய துண்டில் குழந்தை ஓடக்கூட முடியாது.

நிலத்தை வாங்கியும் இழக்கும் வழி ஒன்று உண்டு. தானப்பத்திரம் பதிவானாலும் பட்டா பழைய பெயரிலேயே நின்றால், சில ஆண்டுகள் கழித்துப் பூங்கா இடம் இன்னொரு மனையாக விலைபோகலாம். ஊராட்சித் தலைவர் மாறுவார், எழுத்தர் மாறுவார். வருவாய்ப் பதிவேடுதான் நிற்கும். ஆகவே ஒதுக்கிய இடத்தைத் தனி உட்பிரிவாக அளந்து, ஊராட்சியின் பெயரில் பட்டா வழங்கி, புலப்படத்தில் குறித்த பிறகே நகர் ஊரமைப்பு அலுவலகம் இறுதி ஒப்புதல் எண்ணைத் தர வேண்டும்.