தொலேதோ நகரின் திரான்சித்தோச் செபாலயம்

ஒரு சமூகம் தன் நாட்டை இழந்த பின்னும் அது எழுப்பிய கட்டிடம் நிலைத்து நிற்றல் உண்டு. அதனைக் காத்து வந்தோர் அச்சமூகத்தை வெளியேற்றியவரின் வழியினரேயாயின், அக்கட்டிடத்தின் வரலாறு ஆழ்ந்து நோக்கற்பாலது. ஸ்பெயின் தேசத்துத் தொலேதோ நகரிலுள்ள திரான்சித்தோச் செபாலயம் அத்தகையது. யூதரின் வழிபாட்டிடமாகத் தோன்றிய அது, இன்று ஸ்பானிய வழிவந்த யூதராகிய செபார்திகளின் பண்பாட்டை விளக்கும் நூதனசாலையாகத் திகழ்கின்றது.

கஸ்தீல் நாட்டரசன் முதலாம் பெத்ரோவின் பொருளாளனாய் விளங்கிய சாமுவேல் அலேவி என்னும் யூதன், 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதனைக் கட்டுவித்தான். அரசனின் இசைவின்றிப் புதிய செபாலயம் எழுப்புதலை அந்நாட்டுச் சட்டத்தொகுதி தடுத்திருந்தது. எனவே, அரசனின் அருளே இக்கட்டிடத்தின் அத்திவாரம் எனலாம். ஆயின், அவ்வருள் நெடிது நிலைக்கவில்லை. 1360ஆம் ஆண்டளவில் அவ்வரசனாலேயே சிறையிடப்பட்ட சாமுவேல், சித்திரவதைக்குள்ளாகி மாண்டான்.

புறத்தே நோக்குவார்க்கு இது செங்கல்லாலும் கல்லாலும் ஆன எளிய கட்டிடமே. அதன் எழிலெல்லாம் அகத்தே உள்ளது. ஏறத்தாழ 23 மீற்றர் நீளமும் 9.5 மீற்றர் அகலமும் கொண்ட ஒரே மண்டபம். அதன்மேல் நுண்ணிய வேலைப்பாடமைந்த மரக்கூரை. எருசலேமை நோக்கிய கீழைச்சுவரில், வேதச்சுருள்களை வைத்தற்கென மூன்று வளைவுகளையுடைய மாடம் அமைந்துள்ளது. தென்புறத்து மேன்மாடம் பெண்டிர்க்குரியது. சுவர்களிற் படர்ந்த சுதைவேலையிலே கொடியும் இலையும் பின்னிக்கிடக்க, அவற்றிடையே கஸ்தீலின் கோட்டையும் லெயோனின் சிங்கமும் அரச இலச்சினைகளாய்த் தோன்றுகின்றன. எபிரேய எழுத்திற் சங்கீத வாசகங்கள் சுவர்நெடுகச் செல்கின்றன. அரபு வாசகங்களும் ஆங்காங்கே காணப்படுகின்றன. யூதனின் வழிபாடும், கிறித்தவ அரசனின் சின்னமும், இஸ்லாமியக் கலைமரபும் ஒரு சுவரிலே கூடிநின்றமை அந்நகரின் வாழ்வையே காட்டுகின்றது.

அவ்வாழ்வு 1391இல் எழுந்த கலவரங்களாற் சிதைந்தது. 1492இல் யூதரனைவரும் மதம் மாறுக, அன்றேல் நாடு நீங்குக என்னும் ஆணை பிறந்தது. ஈராண்டின் பின் இக்கட்டிடம் கலத்திராவா என்னும் வீரத்துறவியர் சபையிடம் சேர்ந்து தேவாலயமாயிற்று. அச்சபையின் வீரர் சிலர் இதன் தளத்தின்கீழ் அடக்கஞ்செய்யப்பட்டனர். கன்னிமரியாளின் மறைவைக் குறிக்கும் 'திரான்சித்தோ' என்னும் பெயரும் கிறித்தவர் இட்டதே. நெப்போலியன் காலப் போரில் இது படையினர் தங்குமிடமாகவும் பயன்பட்டது. 1877இல் தேசிய நினைவுச் சின்னமெனப் பிரகடனப்படுத்தப்பட்டது. 1964இல் நூதனசாலைக்கான ஆணை பிறந்தது; 1971இல் அது திறக்கப்பட்டது.

இன்று அங்கு யூதரின் கல்லறைக் கற்களும், எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் ஆகிய மும்மொழியும் பொறித்த கற்றொட்டியொன்றும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. எனினும், அங்குள்ள அரும்பொருள்களுள் தலையாயது அம்மண்டபமேயாம். தேவாலயமாக்கியோர் அதன் சுவர்களை இடித்திலர். எபிரேய எழுத்தை முற்றாக அழித்ததுமிலர். அதனாலேயே கலைச்செல்வம் எஞ்சிற்று. ஆனால், அவ்வெழுத்தை ஓதித் தொழுத மக்கட்கு அந்நகரில் இடமில்லாது போயிற்று. சுவரைப் பேணுதல் பெருஞ்செயலே. அச்சுவரினுள் வாழ்ந்தாரைப் பேணாமையை அது ஈடுசெய்யாது. இவ்வுண்மையையே அம்மண்டபம் காண்போர்க்கு உணர்த்தி நிற்கின்றது.