மதனப்பள்ளி வீடும் அதன் பூஜையறையும்

சந்திரகிரிக் கோட்டையின் ராஜமகால், மரமே சேராமல் கல்லாலும் செங்கல்லாலும் சுண்ணச்சாந்தாலும் எழும்பியது என்பதை விஸ்தாரமாக வர்ணிக்கும் நாம், 2022 வரை அதே சித்தூர் ஜில்லாவில் அடங்கியிருந்த மதனப்பள்ளியில் ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த சிறிய வீட்டைப் பற்றிப் பேசும்போது, பிறந்தவரின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் விஷயம் தீர்ந்துவிட்டதாக எண்ணிவிடுகிறோம். அது போதாது என்பது என் அபிப்பிராயம். தூணும் வளைவும் இல்லாத எளிய கிருகத்தை, அதில் வாழ்ந்தவர்களின் ஆசாரத்தோடு சேர்த்துப் படித்தாலன்றி, அளவுகோல் கொண்டு எத்தனை முறை அளந்தாலும் அதன் அமைப்பு விளங்குவதில்லை.

அவ்வீட்டின் தலைவரும் கிருஷ்ணமூர்த்தியின் தந்தையுமான நாராயணய்யா தெலுங்குப் பிராமணர். ரெவின்யூ இலாகா உத்தியோகஸ்தர். 1882 முதல் பிரம்மஞான சங்கத்தின் அங்கத்தினர். மதனப்பள்ளி அப்போது கடப்பை ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. சித்தூர் ஜில்லா உண்டானதே 1911-இல்தான். அக்காலத்து அந்தணர் இல்லங்களில், திண்ணை வரை வரக்கூடியவர், இடைகழியைத் தாண்டக்கூடியவர், கூடத்தில் உட்காரக்கூடியவர் என்று மனிதர்களைத் தரம் பிரித்துக்கொண்டே போகும் வரிசை, ஸ்நானம் செய்து மடி உடுத்தவரன்றி நுழையலாகாத பூஜையறையில் போய் முடிந்தது. பிரசவமோ தீட்டு; ஆகையால் அதற்குரிய இடம் அந்த அறைக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது என்று கருதப்பட்டது.

1895 மே மாதத்தில் நாராயணய்யாவின் மனைவி சஞ்சீவம்மா தம் எட்டாவது குழந்தையைப் பெற்றெடுக்க அந்தப் பூஜையறையையே தேர்ந்துகொண்டார். நள்ளிரவு கடந்து அரைமணி ஆனபின் பிறந்த அக்குழந்தைக்கு, ஆங்கிலக் கணக்கில் தேதி 12. சூரியோதயத்தில் நாள் தொடங்கும் நம் கணக்கில் 11. எட்டாவது பிள்ளையாதலால் கிருஷ்ணன் என்ற பெயர் வாய்த்தது.

பிறக்கப்போகும் பிள்ளை அசாதாரணமானவன் என்று தாய்க்கு முன்கூட்டியே தோன்றியதாகச் சொல்வது பின்னாளைய பக்தர்களின் கற்பனை என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். தோன்றியதோ இல்லையோ, மேரி லட்யன்ஸும் புபுல் ஜெயகரும் தங்கள் சரித்திர நூல்களில் குறிப்பிடுமளவுக்குப் பூஜையறையில் பிரசவம் நடந்த செய்தி பல தசாப்தங்கள் நினைவில் நின்றதென்றால், அந்த வீட்டின் அறைகளுக்கிடையே நிலவிய தாரதம்மியம் எவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு அதுவே சாட்சியம். மீறப்பட்ட பிறகுதான் அந்த எல்லை சரித்திரத்தில் பதிவாயிற்று. ஒரு ஸ்திரீயின் துணிவு அதைப் பதியச் செய்தது என்பதை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன்.

1929 ஆகஸ்டு 3-ஆம் தேதி ஹாலந்து தேசத்து ஓம்மனில், தம்மை உலககுருவாக வரித்திருந்த நட்சத்திர சங்கத்தைத் தாமே கலைத்துவிட்ட ஒருவர் பிறந்த அறையைச் சந்நிதியாக்கி விளக்கேற்றுவது அவருக்கு நியாயமாகாது. இடவசதி கருதி அதைக் கூடத்தோடு சேர்த்துவிடுவது சஞ்சீவம்மாவுக்கு நியாயமாகாது. இப்படிப்பட்ட இல்லங்களைச் செப்பனிடுபவர்கள், வேறெதைப் புதுப்பித்தாலும், கூடத்தையும் பூஜையறையையும் பிரிக்கும் அந்தச் சுவரையும் நிலைப்படியையும் மட்டும் தொடாமல் விடவேண்டும்.