கோடிட்ட இடம்

கல்லூரி என்கிற ஸ்தாபனத்தின் கையில் பிரம்பு கிடையாது. அது பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடுகிறது. கல்லூரியிடம் இருப்பது பரீட்சையும் சான்றிதழும்தான். பிரம்படி ஆறிவிடும், சான்றிதழ் இல்லாதது ஆறுவதில்லை. மாணவர் ஒழுங்கு நடவடிக்கை என்பதன் சரித்திரத்தை இங்கிருந்துதான் தொடங்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு உலகம் போடியில் ஆரம்பித்து மதுரையில் முடிந்துவிடும். எனவே மதுரையையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க மிஷனரிகள் 1881-ல் பசுமலையில் தொடங்கிப் பின்னால் மதுரைக்குக் கொண்டுவந்த அமெரிக்கன் கல்லூரியில் 1937-ல் சேர்ந்தவர் என். சங்கரய்யா. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் கைதுசெய்யப்பட்டதைக் கண்டித்ததற்காக 1941 பிப்ரவரி 28 அன்று அவரைக் கைதுசெய்தார்கள். பி.ஏ. இறுதித் தேர்வுக்கு அப்போது 15 நாட்கள் இருந்தன. பதினெட்டு மாதம் சிறை. தண்டித்தது கல்லூரியல்ல, காலனி அரசு. ஆனால் தண்டனையின் வடிவம் கல்லூரிக்குரியது. பட்டம் போயிற்று.

அவர் பிறகு மூன்று முறை மதுரையிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். அரசு 2021-ல் தகைசால் தமிழர் விருது தந்தது. 2023-ல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தர மதுரை காமராசர் பல்கலைக்கழகம் தீர்மானித்தது. வேந்தரான ஆளுநர் ஆர்.என். ரவி அதற்கு ஒப்புதல் தரவில்லை. நவம்பர் 2 பட்டமளிப்பு விழாவை அன்றைய உயர்கல்வி அமைச்சர் பொன்முடி புறக்கணித்தார். நவம்பர் 15 சங்கரய்யா காலமானார். வெள்ளைக்காரன் போய் 76 வருஷமாகியும், 1941-ன் அந்த 15 நாட்களை யாராலும் திருப்பித் தர முடியவில்லை. இதில் கட்சி சார்ந்த வாதங்கள் எனக்கு முக்கியமல்ல. ஒரு காகிதத்தைத் தராமல் இருப்பதன் அதிகாரம் எவ்வளவு நீண்ட ஆயுள் கொண்டது என்பதே விஷயம்.

கல்லூரியே தண்டித்த வழக்குக்குக் கல்கத்தா போகவேண்டும். 1916-ல் பிரெசிடென்சி கல்லூரியில் சரித்திரப் பேராசிரியர் ஓட்டன், மாணவர்களைப் பிடித்துத் தள்ளினார் என்பதில் தொடங்கி, வேலைநிறுத்தம், சமாதானம், பிறகு மாடிப்படியருகே அவர் மீதே தாக்குதல் என்று விஷயம் வளர்ந்தது. வெளியேற்றப்பட்டவர்களில் சுபாஷ் சந்திர போஸ் ஒருவர். அடித்தது யார் என்று அவர் சொல்லவில்லை. வேறு பல்கலைக்கழகத்தில் சேரவும் அனுமதியில்லை. கட்டக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தார். 1917-ல் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி இடம் தந்தது. அந்தக் கதவு திறக்க அவர் குடும்பத்தின் செல்வாக்குக்கும் பங்கு இருந்திருக்கும் என்பதை, போஸை வணங்குகிறவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. எல்லோர் வீட்டிலும் ஒரு வக்கீல் ஜானகிநாத் இருப்பதில்லை.

தண்டிக்கும் கல்லூரி தன்னை என்னவாக நினைத்துக்கொள்கிறது? தகப்பனாக. அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு நெடுங்காலம் ஒரு கோட்பாட்டின் அந்தஸ்து இருந்தது: கல்லூரி தகப்பன் ஸ்தானத்தில் இருக்கிறது, தகப்பன் காரணம் சொல்லத் தேவையில்லை. அதை உடைத்தவர்கள் அலபாமா மாநிலத்தின் கறுப்பின மாணவர்கள். 1960 பிப்ரவரியில் மாண்ட்கமரி நீதிமன்றக் கட்டடத்தில் வெள்ளையருக்கு மட்டுமான உணவகத்தில் போய் உட்கார்ந்தார்கள். மாநிலக் கல்வி வாரியம் ஒன்பது பேரை விசாரணையே இல்லாமல் நீக்கியது. 1961-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசுக் கல்லூரி ஒரு மாணவனை வெளியேற்றுமுன் குற்றச்சாட்டைத் தெரிவிக்கவேண்டும், அவன் தரப்பைக் கேட்கவேண்டும் என்றது. டிக்சன் வழக்கு என்று அதைச் சொல்வார்கள். அந்த ஒன்பது பேரின் பதிவேட்டிலிருந்து தண்டனையை அழிக்க 2018 வரை ஆயிற்று.

நம் உச்சநீதிமன்றமும் பின்தங்கிவிடவில்லை. 1954-ல் உத்தரப் பிரதேச இண்டர்மீடியட் தேர்வில் மூன்று மாணவர்களின் முடிவைக் கேள்வியில்லாமல் ரத்துசெய்ததை, 1962-ல் கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கில் அது தவறு என்றது. பதினொரு வருஷம் கழித்து ராஞ்சி மருத்துவக் கல்லூரி வழக்கு வந்தது. 1972 ஜூனில் ஓர் இரவு சில மாணவர்கள் பெண்கள் விடுதிக்குள் புகுந்தார்கள். 36 பெண்கள் ரகசியமாகப் புகார் கொடுத்தார்கள். விசாரணைக் குழு அவர்களிடம் மாணவர்கள் இல்லாத நேரத்தில் சாட்சியம் வாங்கியது, புகைப்படங்களைக் கலந்து காட்டி அடையாளம் கேட்டது. பெயர்கள் வெளியிடப்படவில்லை. நீக்கப்பட்டவர்கள் இது இயற்கை நீதிக்கு விரோதம் என்றார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தப் பெண்கள் மறுநாளும் அதே தெருவில் நடந்தாகவேண்டும் என்பதை அது கணக்கில் எடுத்துக்கொண்டது. சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஒழுங்கு நடவடிக்கை என்றாலே அடக்குமுறை என்று பேசுவது சோம்பேறித்தனம். பலவீனமானவர்களுக்கு அதைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லாத சந்தர்ப்பங்கள் உண்டு.

ஆனால் ரகசியச் சாட்சியம் பற்றி இவ்வளவு நிம்மதியாக எழுத எனக்கு உரிமையில்லை. நானும் ஒரு ரகசிய சாட்சி.

நான் குரங்கணிக்காரன். பி.ஏ. ஆங்கிலம் மூன்றாம் வருஷம், விடுதிச் சாப்பாட்டுக்காக இரண்டு நாள் யாரும் சாப்பிடாமல் இருந்தோம். மூன்றாம் நாள் அப்பாக்களை வரச்சொன்னார்கள். என் அப்பா ஏலத்தோட்டத்தில் எடை போடுகிறவர். விடிவதற்குமுன் ஜீப் பிடித்து, போடியில் பஸ் ஏறி வந்து, முதல்வர் அறைக்கு வெளியே மத்தியானம் வரை செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மன்னிப்புக் கடிதம் அச்சடித்தே வைத்திருந்தார்கள். பெயர், வகுப்பு, பதிவு எண். கீழே, 'தூண்டுதலின் பேரில்' என்பதற்குமுன் கோடிட்ட இடம். நிரப்பாத கடிதத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். நான் நிரப்பினேன். எழுதிய பெயர் கொட்டகுடியிலிருந்து வந்த என் அறைத் தோழனுடையது. எத்தனை பேர் அதே பெயரை எழுதினார்கள் என்று தெரியாது. எல்லோரும் எழுதியிருந்தாலும் என் கடிதம் என் கடிதம்தான்.

அவனும் ஒரு கடிதத்தை எழுதியிருக்கலாம். யாரும் யாரையும் தூண்டவில்லை, சோறு கெட்டிருந்தது என்று சொன்னான். டி.சி. கொடுத்தார்கள். அவனுக்குக் குற்றச்சாட்டும் தரவில்லை, சாட்சியத்தையும் காட்டவில்லை. 1962-லேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் வழக்குப் போட யாரிடம் பணம்?

ராஞ்சிப் பெண்களின் பெயர்களை மறைத்த அதே திரைதான் என் பெயரையும் மறைத்தது. இரண்டுக்கும் வித்தியாசம் திரையில் இல்லை. அந்தப் பெண்கள் தாங்கள் கண்ட முகத்தை அடையாளம் காட்டினார்கள். நான், கேட்கப்பட்ட இடத்தில் கேட்கப்பட்டதை நிரப்பினேன். விசாரணை என்பது நடந்தது என்ன என்று கேட்பது. அச்சடித்த கடிதம் அதைக் கேட்பதில்லை. ஒரு பெயரைத்தான் கேட்கிறது. இந்த வித்தியாசத்தைக் காணாத எந்த ஒழுங்கு நடவடிக்கையும், உள்ளே இருக்கும் கோழைகளுக்குப் பட்டம் கொடுத்து அனுப்புகிற ஏற்பாடாகத்தான் முடியும்.

பட்டம் வாங்கினேன், வங்கிப் பரீட்சை எழுதினேன், குமாஸ்தாவானேன். போன சித்திரையில் அவன் எங்கள் கிளைக்கு வந்தான். மகள் பள்ளிக்கூடச் செலவுக்கு நகைக்கடன். பழைய கணக்கு என்பதால் வாடிக்கையாளர் படிவத்தைப் புதிதாக எழுதவேண்டியிருந்தது. கல்வித் தகுதி என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினான்.

"இதுல என்ன மாப்ள போட?"

பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். அதை விட்டுவிடலாம், கட்டாயமில்லை என்றேன். அது உண்மையும்கூட. அவன் விடவில்லை. பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.