பெயரிலிருந்து எண்



திண்டுக்கல் என்றவுடன் பூட்டு நினைவுக்கு வரும். அதற்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்நகருக்கு மேற்கே மலைப் பக்கமாக அமைந்த கன்னிவாடி என்னுடைய ஊர். இன்று நான் பேசப் புகுவது பூட்டைப் பற்றியன்று; பூட்டே இல்லாத ஓர் அலமாரியைப் பற்றி.

அவ்வலமாரியில் பல அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண் உண்டு. ஒரு பெயரைச் சொன்னால், அப்பெயருக்குரிய தாள் எத்தனையாம் அறையில் இருக்கிறது என்பதை உடனே கணக்கிட்டுச் சொல்ல ஒரு விதி வேண்டும். அவ்விதியில் மறைபொருள் ஒன்றும் இல்லை. ஊரார் அனைவரும் அறியலாம். அது விரைவாகக் கணக்கிடத் தக்கதாக இருத்தல் வேண்டும். எவர் கணக்கிட்டாலும் எங்கிருந்து கணக்கிட்டாலும் ஒரே விடையைத் தருதலும் வேண்டும். கணினி அறிஞர் இத்தகைய விதியை ‘ஹாஷ் சார்பு’ என்பர். இறைச்சியையும் கிழங்கையும் கொத்திக் கலந்த உணவுக்கு ஆங்கிலேயர் வழங்கும் பெயர் ஹாஷ். மாலை வேளையில் நம் பக்கத்துக் கடைகளில் பரோட்டாவைக் கொத்தும் ஓசையைக் கேட்டவர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பெயரைக் கொத்திக் கலந்து ஓர் எண்ணாக ஆக்குகிறோம்.

நான் வரலாற்று ஆசிரியன். எனக்கு இதில் என்ன நாட்டம் என்று கேட்பீர்கள். 1986இல் நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, பழைய மாணவர்களின் சேர்க்கை விவரங்களைத் தேடியெடுத்துக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பல ஆண்டுப் பதிவேடுகளைப் புரட்டுவதற்குள் பாதி நாள் கழிந்துவிடும். எனவே, ஒவ்வொரு பெயரையும் ஒரு சிறு அட்டையில் எழுதி, பதிவேட்டின் பக்க எண்ணையும் அதில் குறித்து, ஒரு மரப்பெட்டியில் அடுக்கினேன். முதலில் முதலெழுத்தைக் கொண்டு பிரித்தேன். அது பயன்படவில்லை. பழனிமலை அருகில் இருக்கும் நாட்டில் பழனிச்சாமிகளுக்கும் பழனியம்மாள்களுக்கும் பழனிவேல்களுக்கும் குறைவேது? பகர அறையும் மகர அறையும் பிதுங்கின. ஙகர அறை வெறுமையாய்க் கிடந்தது.

பிறகு ஒரு விதி செய்தேன். தமிழ் மெய்யெழுத்துப் பதினெட்டுக்கும் வரிசை எண் கொடுத்தேன்: க 1, ங 2, ச 3 என்று தொடங்கி, ன 18 வரை. பெயரிலுள்ள மெய்களின் எண்களைக் கூட்டி 50ஆல் வகுத்து மீதியைக் காண்பது. அந்த மீதியே அறை எண். முருகன் என்றால் 10, 12, 1, 18, கூட்டினால் 41. நாற்பத்தோராம் அறை. என் செயலை நானே மெச்சிக்கொண்டேன். அதன் பின் நேர்ந்ததைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

பெயரின் எழுத்துக்கு எண் கொடுக்கும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழையது. கடபயாதி என்பது அதன் பெயர். வடமொழி மெய்களுள் க முதல் ஒன்பது ஒலிகளுக்கு 1 முதல் 9 வரையும், பத்தாவதாகிய ஞகரத்துக்கு 0வும் கொடுப்பர். டகரத்தில் தொடங்கி மறுபடியும் அவ்வாறே, நகரம் 0. பகரத்தில் தொடங்கி மகரம் வரை 1 முதல் 5. யகரத்தில் தொடங்கி ஹகரம் வரை 1 முதல் 8. கிடைத்த இலக்கங்களை வலமிருந்து இடமாகத் திருப்பிப் படிக்க வேண்டும். கி.பி. 683இல் ஹரிதத்தர் இம்முறையைத் தம் வானநூலில் கையாண்டார். சந்திரன் நிலையைக் கூறும் 248 வாக்கியங்கள் இம்முறையில் அமைந்தவை. தமிழ்நாட்டு வாக்கிய பஞ்சாங்கங்கள் அவ்வழி வந்தவையே. புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, சொற்களாக மனப்பாடம் செய்த அட்டவணைகளின் துணையால் சந்திர கிரகணம் கணித்ததை, ஜான் வாரன் என்னும் அறிஞர் 1825இல் சென்னையில் வெளியிட்ட ‘காலசங்கலித’ என்ற நூலில் பதிவு செய்துள்ளார்.

ஆயினும் வானநூலார் எண்ணை முதலில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற சொல்லைத் தேடினர். பெயரிலிருந்து அறைக்குச் செல்லும் வழியை நாம் இசைநூலில்தான் காண்கிறோம். கோவிந்த தீட்சிதரின் மைந்தராகிய வேங்கடமகி, 17ஆம் நூற்றாண்டில் தஞ்சை விசயராகவ நாயக்கர் காலத்தில் ‘சதுர்தண்டிப் பிரகாசிகை’யில் 72 மேளங்களை வகுத்துக் காட்டினார். பின்வந்தோர் அவற்றுக்குக் கடபயாதிப் பெயர்களைச் சூட்டினர். இராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைப் பார்த்தால் மேள எண் தெரியும். மேள எண் தெரிந்தால் சுரங்கள் தெரியும். மேசகல்யாணியை எடுத்துக்கொள்ளுங்கள். மே 5, ச 6, திருப்பினால் 65. 36க்கு மேற்பட்டதால் பிரதி மத்திமம். 65இலிருந்து 36ஐக் கழித்தால் 29. அதில் ஒன்று குறைத்து ஆறால் வகுத்தால் ஈவு 4, மீதி 4. ஈவு ரிஷப காந்தாரங்களையும், மீதி தைவத நிஷாதங்களையும் காட்டிவிடும். ஏடு வேண்டா, எழுத்தாணி வேண்டா. கச்சேரி மேடையிலேயே மனத்துள் முடிந்துவிடும்.

கல்யாணி என்ற பழம்பெயருக்கு முன்னே ‘மேச’ என்று ஏன் சேர்த்தனர்? கல்யாணியைத் தனியே கணக்கிட்டுப் பாருங்கள். க 1, ல்யா என்ற கூட்டெழுத்தில் யகரத்தைக் கொண்டால் 1, ஆகப் பதினொன்று. அது கோகிலப்பிரியாவின் இடம். சங்கராபரணத்தைத் தனியே கணக்கிட்டால் 15 வரும். அது மாயாமாளவகௌளையின் இடம். ஆகவே ‘தீர’ என்ற அடையைச் சேர்த்து 29ஆக்கினர். இரண்டு பெயர்கள் ஓரெண்ணில் வந்து முட்டிக்கொள்வதைக் கணினி நூலார் ‘மோதல்’ என்பர். 72 பெயர்களே இருந்தமையால் நம்மவர் அடைமொழி சேர்த்து மோதலைத் தவிர்க்க முடிந்தது. நம் முன்னோர் அன்றே கணினியைக் கண்டுவிட்டனர் என்று மேடைகளில் முழங்குவாருடன் எனக்கு உடன்பாடில்லை; இங்கே பெயரை எண்ணுக்கு ஏற்பச் செதுக்கினர், கணினியோ வந்த பெயரை வந்தபடியே ஏற்றாக வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கூட்டெழுத்தில் எந்த மெய்யைக் கணக்கிடுவது? இரத்தினாங்கி என்பதன் மூல வடிவில், த், ந் கூடிய எழுத்தில் இறுதி நகரத்தைக் கொண்டால்தான் இரண்டாம் மேளம் கிடைக்கும். சக்கரவாகத்திலோ, க், ர் கூடியதில் முதற் ககரத்தைக் கொண்டால்தான் பதினாறு வரும். இறுதி ரகரத்தைக் கொண்டால் 26ஆகிவிடும். விதி ஒன்றே, கையாண்ட முறை இரண்டு. தமிழ் எழுத்தில் எழுதினால் இடர் மேலும் மிகும். கானமூர்த்தி மூன்றாம் மேளம். அதன் முதலொலி ‘கங்கை’ என்பதன் முதலொலி போன்றது. அதற்கு எண் 3. தமிழில் ககரம் ஒன்றே ஆதலால், ஒலி அறியாதவர் 1 என்று கொண்டு கனகாங்கியின் வாயிலில் போய் நிற்பார்.

இனிக் கணினிக் காலத்துக்கு வருவோம். 1953ஆம் ஆண்டு சனவரியில், ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர், பெயரிலிருந்து இடத்தைக் கணக்கிடும் கருத்தை அலுவலகக் குறிப்பொன்றில் எழுதினார். 1956இல் ஆர்னால்டு டூமி, பகா எண்ணால் வகுத்து மீதியைக் கொள்ளும் முறையை வெளியிட்டார். 1957இல் வெஸ்லி பீட்டர்சன் இம்முறைகளை விரிவாக ஆராய்ந்தார். மோதல் நேர்ந்தே தீரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 23 பேர் கூடிய வகுப்பில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்கு மேல். நாற்பது பேர் என்றால் பத்தில் ஒன்பது பங்கை நெருங்கும். ஒரே அறையில் இரண்டு அட்டைகள் இருந்தால் இரண்டையும் எடுத்துப் பார்த்துவிடலாம்; கேடில்லை. ஓர் அறையில் மட்டும் இருநூறு சேர்ந்தால்தான் கேடு.

என் பெட்டியில் அக்குறையும் இருந்தது. ரமா என்றால் 12, 10, கூட்டல் 22. மாரி என்றால் 10, 12; அதுவும் 22. ரவியும் வீராவும் அவ்வாறே. கூட்டல் வரிசையை அறியாது. இதற்குத் தீர்வு பெருக்கல். ஒவ்வோர் எழுத்தைச் சேர்ப்பதற்கு முன்னும், அதுவரை வந்த தொகையை 31ஆல் பெருக்கிப் பாருங்கள். ரமாவுக்கு 382 வரும், மாரிக்கு 322. ஐம்பதால் வகுத்தால் மீதி 32, 22, வெவ்வேறு அறைகள். ஜாவா என்னும் நிரல்மொழி இதே 31ஐக் கொண்டே சொற்களுக்கு எண் காண்கிறது.

1991இல் கிளென் ஃபௌலரும் ஃபோங் வோவும் இதனினும் செம்மையான ஒரு முறையைக் கூறினர்; லாண்டன் கர்ட் நோல் அதனைத் திருத்தினார். மூவர் பெயரின் முதலெழுத்துகளால் அது எஃப்.என்.வி. எனப்படுகிறது. இன்று பெரிதும் வழங்கும் அதன் வடிவம் மிக எளியது. 2166136261 என்ற எண்ணில் தொடங்க வேண்டும். சொல்லின் ஒவ்வொரு பைட்டையும் எடுத்து, இரும இலக்கங்கள் ஒத்த இடத்தில் 0வும் மாறிய இடத்தில் 1உம் வருமாறு அதனோடு இணைத்து, பின்னர் 16777619 என்ற பகா எண்ணால் பெருக்க வேண்டும். விடை 4294967296ஐ எட்டினால், வண்டியின் தூரம் காட்டும் கருவி சுழன்று மீண்டும் தொடங்குவது போல, மிகுதியை விட்டுவிட வேண்டும். ஒரு பைட்டுக்கு ஓர் இணைப்பு, ஒரு பெருக்கல், அவ்வளவே. 2008இல் ஆஸ்டின் ஆப்பிள்பி ‘மர்மர்’ முறையையும், 2012இல் யான் கோலே ‘எக்ஸ்எக்ஸ்ஹாஷ்’ முறையையும் வெளியிட்டனர். இவை நான்கு அல்லது எட்டுப் பைட்டுகளை ஒரே வாயாக விழுங்குவதால் இன்னும் விரைந்து செல்லும்.

இங்கேதான் கடபயாதியின் பழைய வழக்கு மறுபடியும் தலைகாட்டுகிறது. 1, 2, 3, 4 என்ற நான்கு பைட்டுகளை ஓரெண்ணாகப் படித்தால், இடமிருந்து படிக்கும் பொறி 16909060 என்னும்; வலமிருந்து படிக்கும் பொறி 67305985 என்னும். முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று இரு நாட்டார் போரிட்டதாக 1726இல் ஸ்விஃப்ட் எழுதிய ‘கலிவரின் பயணங்க’ளில் ஒரு கதை உண்டு. 1980இல் டேனி கோஹன் அக்கதையிலிருந்தே பெரியமுனை, சிறியமுனை என்னும் பெயர்களை இப்பொறிகளுக்கு எடுத்தாண்டார். எப்பொறியிலும் பைட்டுகளை இன்ன வரிசையில்தான் படிக்க வேண்டும் என்று நிரலில் எழுதி வைக்காவிட்டால், ஒரு கணினி வைத்த அட்டையை மற்றொன்று காணாது.

தமிழுக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. ‘சி’ நிரல்மொழியில் எழுத்து வகை, சில பொறிகளில் 127க்கு மேற்பட்ட பைட்டைக் குறை எண்ணாகக் கொள்ளும். சிலவற்றில் மிகை எண்ணாகவே கொள்ளும். ஆங்கில எழுத்துகள் யாவும் 128க்குக் கீழே. யூனிக்கோடு முறையில் இன்று பெரிதும் வழங்கும் வடிவத்தில் தமிழ் எழுத்தின் பைட்டுகள் யாவும் 127க்கு மேலே. ஆங்கிலப் பெயர்களை மட்டும் இட்டுச் சோதித்தவன் தன் நிரல் குறையற்றது என்று மகிழ்ந்திருப்பான். தமிழ்ப் பெயரை இட்டதும் பொறிக்கொரு விடை வரும். மேலும், கொடைக்கானல் என்ற சொல்லின் முதலெழுத்திலுள்ள ஒகரக் குறியை யூனிக்கோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஹாஷ் எண்ணோ வேறு. எனவே, எண் காண்பதற்கு முன் சொல்லை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருதல் இன்றியமையாதது.

விதி வெளிப்படையானது ஆதலால், அதனைத் தீங்கு செய்யவும் பயன்படுத்தலாம். எல்லாம் ஒரே அறையில் விழும்படி பெயர்களைப் புனைந்து அனுப்பிக் கணினியைத் திணறச் செய்யலாம் என்பது 2003இல் எடுத்துக்காட்டப்பட்டது. அதற்கு மாற்றாக, மறைவான எண்ணொன்றைக் கலக்கும் ‘சிப்ஹாஷ்’ முறை 2012இல் வந்தது. அதுவோ பூட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது.

இனி என் பெட்டியின் கதையை முடிக்கிறேன். மறு ஆண்டில் அட்டை எழுதும் வேலையில் ஓர் இளம் ஆசிரியர் எனக்கு உதவினார். விதியை வாய்மொழியாகச் சொல்லிக் கொடுத்தேன். சில திங்கள் கழித்துப் பழைய மாணவர் ஒருவர் வந்தார். வேலைக்கான நேர்காணலுக்கு அவருக்குச் சான்று வேண்டும். மூன்றே நாள் தவணை. அவருடைய பெயரைச் சொல்லாமல், கணக்குக்காகப் ப. முருகன் என்று வைத்துக்கொள்வோம். நாற்பத்தோராம் அறையைப் பார்த்தேன், இல்லை. பெயர் இங்கே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என் விதியின்மீது அவ்வளவு நம்பிக்கை! பதிவேட்டைப் புரட்டியிருந்தால் அன்று மாலையே கிடைத்திருக்கும்.

இரண்டு வாரத்துக்குப் பின், வேறொன்றைத் தேடும்போது பூச்சிய அறையில் அந்த அட்டை என் கைக்கு வந்தது. நண்பர் தந்தையின் முதலெழுத்தையும் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறார்: பகரம் 9, முருகன் 41, ஆக 50, மீதி 0. அவர் மீது தவறில்லை. முதலெழுத்தைச் சேர்க்கலாகாது என்று நான் சொல்லவே இல்லை. அட்டையை எடுத்துக்கொண்டு மிதிவண்டியில் அவருடைய ஊருக்குச் சென்றேன். தவணை கடந்துவிட்டது. அவருடைய தாயார் எனக்கு மோர் கொடுத்தார். ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை.

எஃப்.என்.வி. முறையைக் கையாள்வோர் விதியோடு சில சோதனை விடைகளையும் வெளியிட்டிருக்கின்றனர். வெற்றுச் சொல்லுக்கு 2166136261. ஆங்கிலத்தின் முதற் சிற்றெழுத்து ஒன்றை மட்டும் இட்டால் 3826002220. உங்களுள் எவரேனும் நிரல் எழுதினால் இவ்விரண்டும் வருகின்றனவா என்று பாருங்கள். பிறகு ஒரு தமிழ்ப் பெயரை வெவ்வேறு கணினிகளில் இட்டுப் பாருங்கள். நான் இவற்றையெல்லாம் அறியாத அந்நாளில், ஊரிலிருந்து திரும்பிய மறுநாட் காலையே, பெட்டி மூடியின் உட்புறத்தில் விதியை முழுவதும் மையால் எழுதினேன். அதன் கீழே மூன்று பெயர்களையும் அவற்றின் அறை எண்களையும் எழுதினேன். முதலில் எழுதியது: ப. முருகன், 41.