செஞ்சிச் சீமையும் கிறிஸ்தவ ஒன்றிப்பும்

செஞ்சிச் சீமைக்குக் கிறிஸ்தவப் பிரிவினை துறைமுகம் வழியாகவே வந்தது. மறைவாதம் பின்னால்தான் வந்தது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் இயேசு சபைக் குரு பிமெந்தா செஞ்சிக்கு வந்து கிருஷ்ணப்ப நாயக்கரைச் சந்தித்தார். வெள்ளாற்று முகத்துவாரத்தில் நாயக்கர் எழுப்பிக்கொண்டிருந்த புது ஊரில் கோயில் கட்ட அனுமதியும் பெற்றார். சுமார் பத்தாண்டு கழித்து, 1608இல், அதே செஞ்சி அரசு தேவனாம்பட்டினத்தில் டச்சுக்காரருக்கு இடம் கொடுத்தது. போர்த்துக்கீசியர் விடவில்லை, வேலூரில் வேங்கடபதி ராயர் வரை முறையிட்டார்கள். கத்தோலிக்கப் போர்த்துக்கீசியருக்கும் கால்வினிய டச்சுக்காரருக்கும் இந்த மண்ணில் மூண்ட முதல் சச்சரவுகளில் ஒன்று, துணி வாங்கும் உரிமை பற்றியது.

கொள்கை வேறுபாடே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. தரங்கம்பாடி லுத்தரன்களை மறுத்து வீரமாமுனிவர் எழுதிய வேதவிளக்கமும் பேதகமறுத்தலும் மறைக்கொள்கைகளைத் தமிழிலேயே ஆழமாக வாதிட்டன. அந்த வாதத்தை வெறும் வணிகப் போட்டியாகச் சுருக்குவது இரு தரப்புக்கும் அநீதி. ஆனால் செஞ்சியைச் சுற்றிய சிற்றூர் மக்கள் அந்த நூல்களை எடைபோட்டுச் சபையைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். 1876–78 பஞ்ச காலத்தில் சேத்துப்பட்டில் பிரெஞ்சுக் குரு தராஸ் இருந்தார். திண்டிவனம் பக்கம் அமெரிக்கச் சீர்திருத்தச் சபையின் ஆற்காடு மிஷன் இருந்தது. யார் தங்கள் சேரிக்குள் நடந்து வந்தாரோ, அவருடைய சபை அவர்களுடையதாயிற்று. பேரப்பிள்ளைகளுக்கு அது பிறப்பிலேயே கிடைத்த அடையாளம்.

அதனால்தான் 1964 நவம்பர் 21 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஒன்றிப்பு ஏடு இங்கே தனிக் கனம் பெறுகிறது. பிரிவுக்கு இரு தரப்பாரும் பொறுப்பு என்று அது ஒப்புக்கொண்டது. இன்று பிரிந்த சபைகளில் பிறப்பவர்கள்மேல் பிரிவின் பழியைச் சுமத்தக் கூடாது என்றது. 1928இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் கத்தோலிக்கர் ஒன்றிப்பு மாநாடுகளில் பங்கேற்பதைத் தடுத்திருந்தார். 1947இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோதும் கத்தோலிக்கர் அதற்கு வெளியேதான் இருந்தார்கள். அங்கிருந்து 1995க்கு வந்த தொலைவு பெரிது. அந்த ஆண்டு வெளியான திருவிவிலியம், செஞ்சிக்கு அடுத்த திண்டிவனத்திலுள்ள கத்தோலிக்க விவிலிய நடுநிலையமும் இந்திய வேதாகமச் சங்கமும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு. வீரமாமுனிவர் காலத்தில் எதிரெதிர் முகாம்களில் இருந்தவர்களின் வாரிசுகள் ஒரே மேசையில் உட்கார்ந்து வரிவரியாக உழைத்தார்கள். தமிழ்க் கிறிஸ்தவம் கண்ட மிகப் பெரிய ஒன்றிப்புச் செயல் இதுவே என்பேன்.

பலிபீடம் இன்னும் பொதுவாகவில்லையே என்று கேட்பார்கள். உண்மைதான், நற்கருணையில் சேர்ந்து பங்கேற்க முடியாத நிலை நீடிக்கிறது. அதைவிட வலிக்கும் மறுப்பு ஒன்று உண்டு. 2008 மார்ச்சில், அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், ஒரே கத்தோலிக்கப் பங்குக்குள் சாதி மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தனர். தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டிருந்தார்கள். சொந்த வீட்டிலேயே இப்படி இருக்க, பிற சபையாரோடு என்ன ஒன்றிப்பு? ஒன்று முடியும்வரை மற்றது காத்திருக்கட்டும் என்ற முடிவை நான் ஏற்கவில்லை. மனமாற்றம் இல்லாமல் ஒன்றிப்பே இல்லை என்று அதே ஏட்டின் 7ஆம் பத்தி சொல்கிறது. அந்தப் பத்தி தென்னிந்தியத் திருச்சபையை நோக்கி எவ்வளவு பேசுகிறதோ, எறையூரை நோக்கியும் அவ்வளவு பேசுகிறது.